பட்டன் தேயாத டயர் ஏன் வழுக்கியது? புதிய ஓட்டுநரின் காருக்கு டயர் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஓட்டுநர் உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆன ஓர் இளம்பெண். தாய்மாமன் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு அவருக்குக் கொடுத்த சிறிய ஹேட்ச்பேக் கார். முன்சக்கர இயக்கம், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டு, வழுக்கும் காரைத் தானே திருத்தும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லை. நீண்ட நாள் மழையே இல்லாமல் இருந்து தூறல் தொடங்கிய ஒரு மாலையில், பிரதான சாலையிலிருந்து கீழிறங்கும் வளைவில் சுமார் 45 கி.மீ. வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது காரின் பின்பகுதி வெளிப்பக்கம் வழுக்கியது. கார் அரைச்சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி சாலையோரப் புல்லில் போய் நின்றது. எதிரே வண்டி வரவில்லை, யாருக்கும் காயமில்லை.

விபத்தில் சிக்கிய வண்டிகளின் சக்கரங்களையும் பிரேக்கையும் பார்த்துச் சொல்வது என் வேலை. கார் என்னிடம் வருவதற்குள் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் எழுதப்பட்டிருந்தன. "வளைவில் பயந்து காலை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான், டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்றார் மாமன். "மாமா, நான் வேகமாகவே போகவில்லை" என்பது அக்கா மகளின் வாதம். இருவர் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதத் தோன்றியது. புதிய ஓட்டுநருக்கு டயர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டனை, அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள மேடுபள்ள வார்ப்பை, பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று கேட்கிறார்கள், பிறகு விலையைக் கேட்கிறார்கள். இந்தக் காரை வழுக்கவிட்ட காரணம் அந்த மூன்று கேள்விகளிலும் அகப்படாது.

சக்கரங்களில் கண்டவை

முதலில் பட்டன் ஆழம். புதிய கார் டயரில் பள்ளங்களின் ஆழம் பொதுவாக 8 மி.மீ. அளவில் இருக்கும். பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6 மி.மீ.; பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகளாக வார்க்கப்பட்டிருக்கும் தேய்மானக் குறிகள் அந்த எல்லையைத்தான் காட்டுகின்றன. இந்தக் காரின் முன்டயர்களில் 5.5 மி.மீ., பின்டயர்களில் 4.5 மி.மீ. இருந்தது. மொட்டை டயர் என்று எந்த அளவுகோலாலும் சொல்ல முடியாது. மாமன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அடுத்துப் பக்கச்சுவரில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். முதல் இரண்டு டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். முன்டயர்களில் 1022, அதாவது 2022-ஆம் ஆண்டின் பத்தாவது வாரம். பின்டயர்களில் 3516. காரோடு வந்த டயர்கள்! நடந்தது எளிதாகப் புரிந்தது. முன்சக்கர இயக்கக் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பது எல்லாம் முன்டயர்களே என்பதால் அவை முதலில் தேய்ந்தன. தேய்ந்த இரண்டை மட்டும் கழற்றிவிட்டுப் புதியவற்றை அதே இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பின்டயர்கள் அதிகம் உழைக்கவில்லை, தேயவுமில்லை. தேயாததால் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரப்பரின் இறுக்கத்தை அளக்கும் கடினமானியை அழுத்திப் பார்த்ததும் விவகாரம் வெளுத்தது. ஷோர் ஏ அளவையில் (எண் கூடக்கூட ரப்பர் இறுக்கம்) புதிய கார் டயரின் ரப்பர் பெரும்பாலும் 60-க்கும் 70-க்கும் இடையில் நிற்கும். முன்டயர்கள் அந்த வரம்புக்குள் இருந்தன. பின்டயர்கள் 80-ஐத் தொட்டுக்கொண்டிருந்தன. பள்ளங்களின் அடியில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகளும் இருந்தன. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை.

காற்றழுத்தமும் சரியில்லை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த அட்டையில் 32 பி.எஸ்.ஐ.; நான்கு டயர்களிலும் 38-ஐ ஒட்டி இருந்தது. எரிபொருள் மிச்சமாகும் என்று மாமன் கடைப்பிடித்த வழக்கம் அது. கூடுதல் காற்றால் உருளல் தடை (உருளும்போது டயர் தின்னும் ஆற்றல்) குறையும் என்பதில் பொய்யில்லை. அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

நீரை அகற்றுவது ஒன்று, தரையைப் பிடிப்பது இன்னொன்று

மழையில் பிடிப்பு என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. தேங்கிய நீரை வெளியேற்றி ரப்பரைத் தரையில் சேர்ப்பது முதல் வேலை. அதைப் பள்ளங்கள் செய்கின்றன. அப்படிச் சேர்ந்த பிறகு, ஈரம் ஒட்டியிருக்கும் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொள்வது இரண்டாவது வேலை. அது ரப்பர் கலவையின் பொறுப்பு. முதல் வேலை தவறினால் கார் நீரின்மேல் மிதக்கும். இரண்டாவது தவறினால் நீர் தேங்காத வெறும் ஈரத் தரையிலேயே வழுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "மழையில் வழுக்கிவிட்டது" என்ற ஒரே செய்திதான். ஆனால் மருந்து வேறு.

இங்கே நடந்தது மிதப்பா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 185 மி.மீ. அகல டயர் 80 கி.மீ. வேகத்தில் 3 மி.மீ. ஆழ நீரில் போனால், ஒவ்வொரு நொடியும் அதன் பாதையில் சுமார் 12 லிட்டர் நீர் குறுக்கிடுகிறது. ஒரே டயருக்கு, ஒரே நொடியில்! இந்த வளைவில் அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. அரை மி.மீ. நீர்ப்படலம், 45 கி.மீ. வேகம் என்று வைத்தால் நொடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுமேல்தான் வரும். 4.5 மி.மீ. பள்ளம் அதை வாய்க்கால் போலக் கடத்திவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. விமான டயர்களை வைத்து நாசா 1963-இல் வெளியிட்ட ஆய்வு, நீர் நிறைந்த தளத்தில் மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும் என்று காட்டியது. கிலோமீட்டருக்கு மாற்றினால் பி.எஸ்.ஐ.-யின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7-ஆல் பெருக்க வேண்டும். 32-க்கு 94 கி.மீ., 38-க்கு 103 கி.மீ. வருகிறது, காற்று இறங்கி 24 ஆகிவிட்ட டயருக்கு 82 கி.மீ. கார் டயருக்கு இது தோராயம்தான். பட்டன் ஆழம், நீரின் ஆழம், தடத்தின் வடிவம் எல்லாம் கணக்கை மாற்றும். எப்படி மாற்றினாலும் 45 கி.மீ. அந்த எல்லைக்கு அருகில் வராது. மாமன் விடவில்லை. "அப்படியானால் 38 வைத்தது நல்லதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. ஆழமான நீரில் மிதப்பைத் தள்ளிப்போட அது உதவும். மெல்லிய ஈரத்தில் கதை தலைகீழ். டயருக்குத் தலா 275 கிலோ சுமை என்று கொண்டால் 32 பி.எஸ்.ஐ.-யில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 120 சதுர செ.மீ.; 38-இல் அது 100-ஐ ஒட்டிக் குறைகிறது. உள்ளங்கையளவு இடத்தில் ஆறில் ஒரு பங்கைக் காற்றே தின்றுவிட்டது.

மிதப்பு இல்லையென்றால் மிஞ்சுவது ரப்பர். ஈரச் சாலையில் ரப்பர் தரையைப் பிடிப்பது ஒட்டிக்கொள்வதால் மட்டும் அல்ல. கற்களின் நுண்முனைகள்மேல் அது அமுங்கி, மெதுவாக மீள்கிறது. அந்த மந்தமான மீட்சியில் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. அதுவே வண்டியைத் தடுக்கும் விசையாகிறது. டயர் பொறியாளர்கள் புதிய கலவையை மதிப்பிடும்போது ரப்பர் 0 டிகிரி செல்சியஸில் ஆற்றலை எவ்வளவு இழக்கிறது என்பதை ஈரப் பிடிப்புக்கும், 60 டிகிரியில் எவ்வளவு இழக்கிறது என்பதை உருளல் தடைக்கும் அடையாளமாகக் கொள்வது வழக்கம். முன்னது கூடவும் பின்னது குறையவும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், கரித்தூளின் பெரும்பங்குக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்த கலவைகள் சந்தைக்கு வந்து அந்த முடிச்சைக் கணிசமாகத் தளர்த்தின. இன்று மழைக்கு நல்லது என்று பெயர் வாங்கும் கார் டயர்கள் அனேகமாக எல்லாமே சிலிக்கா மிகுந்தவை.

எப்படிப்பட்ட கலவையும் முதுமை அடையும். வெப்பமும் ஆக்சிஜனும் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே மேலும் மேலும் முடிச்சுப் போடுகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் கசிந்து போகின்றன. இறுகிய ரப்பர் நுண்முனைகளுக்குள் இறங்காமல் அவற்றின் தலைமேல் சறுக்கிப் போகும். உலர்ந்த சாலையில் இந்தக் குறை வெளியே தெரியாது. இந்தக் காரின் பின்டயர்கள் ஆண்டுக்கணக்கில் நல்லபிள்ளையாக ஓடியதற்கு அதுவே காரணம்.

அந்த மாலை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீண்ட வறட்சிக்குப் பின் விழும் முதல் தூறல், சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் ரப்பர்த் துகளையும் குழைத்து ஒரு பசையாக்கும். கனமழையாகப் பெய்தால் சற்று நேரத்தில் கழுவிக்கொண்டு போய்விடும், தூறல் கழுவாது.

ஓட்டுநரின் பங்கு

வளைவின் ஆரம் சுமார் 40 மீட்டர் என்று கொண்டேன். 45 கி.மீ. வேகத்தில் அதில் திரும்ப, புவியீர்ப்பில் 0.4 பங்கு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு வேண்டும். நல்ல டயருக்கு ஈரச் சாலையிலும் அது எட்டும் தொலைவு. பசை படிந்த தரையில் இறுகிய ரப்பருக்கு அதுவே விளிம்பு. பாதி வளைவில் வண்டி வெளியே தள்ளுவதுபோல் உணர்ந்த அந்தப் பெண், ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்துப் பிரேக்கைத் தொட்டிருக்கிறார். எடை முன்னால் சாய்ந்தது, பின்சக்கரங்கள் மேலும் இலேசாகின, விளிம்பில் நின்றவை விழுந்தன.

ஆக, காலை எடுத்தது தவறுதான். ஆனால் அது புதியவர் எவரும் செய்யும் தவறு. பயந்தால் கால் தானாக மேலே வரும். ஆண்டுக்கணக்கில் ஓட்டிய பிறகுதான் கால் அடங்கும். டயரை அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது. எந்தப் பிழை வரும் என்று முன்பே தெரியுமோ, அந்தப் பிழையைத் தாங்கும் டயரை மாட்டுவதுதான் புதிய ஓட்டுநருக்கு டயர் தேர்வது என்பதன் பொருள் என்று நான் நினைக்கிறேன். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். வேகம் குறைந்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். அதை மீட்க எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பும் அனிச்சை வேண்டும். அது புதியவரிடம் இருக்காது. அனுபவசாலிகள் பலரிடமும் இருக்காது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மாமன் இதைப் படிக்கக்கூடும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் நல்லவை பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர இயக்கக் காரிலும்கூட என்று டயர் நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே. இந்தக் காருக்கு 2022-இல் நடந்தது அதற்கு நேர் எதிர்.

பேசிக் கழித்தவை

முதல் யோசனை, பின்னால் மட்டும் இரண்டு புதிய டயர்கள். இதை நான் எளிதில் தள்ளவில்லை. முன்டயர்களில் ஆழம் இருந்தது, ரப்பர் இறுகவில்லை, செலவு பாதி. கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இதைத்தான் சொல்வேன், கூச்சப்படாமல். இங்கே நான்கையும் மாற்றச் சொன்னதற்கு ஒரே காரணம், முன்டயர்கள் உருளல் தடையைக் குறைப்பதையே குறியாகக் கொண்டு வாங்கப்பட்டவை; அவற்றின் ஐரோப்பிய முத்திரையில் ஈரப் பிடிப்பு சி வகுப்பு (ஏ-தான் உயர்ந்தது; விவரம் கீழே). நேர்ச்சாலையில் அவசரமாக நிறுத்தும்போது முன்டயர்களே பெரும்பங்கு உழைக்கின்றன. பின்னால் ஏ, முன்னால் சி என்று மாட்டினால் கார் சுழலாது, ஆனால் நிற்கவும் தாமதமாகும்.

அண்ணன் முறையுள்ள ஒருவர், 16 அங்குல அலாய் சக்கரமும் 205/55 டயரும் (அகலம் 205 மி.மீ.) போட்டால் "ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்றார். உலர்ந்த சாலையில் ஓரளவு உண்மை. ஈரத்தில் அகலம் இருமுனைக் கத்தி. சுமையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய மாறாது. அகலம் கூடினால் நீளம் குறையும். நீரைப் பக்கவாட்டில் தள்ள அகலமான டயருக்கு அதிக நீர் இருக்கிறது, குறைந்த நேரம் இருக்கிறது. மிதப்பு முன்னதாகவே தொடங்கும். காரைத் தயாரித்தவர்கள் 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கிறார்கள், அதையே வைத்துக்கொண்டோம். சுமை எண் 88, அதாவது டயருக்கு 560 கிலோ. வேகக் குறி எச், 210 கி.மீ. வேகக் குறி உயர்ந்தால் மழைப் பிடிப்பும் உயரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எழுத்துக்கும் ஈரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

எல்லாப் பருவத்துக்குமான டயர் என்ற பேச்சும் வந்தது. பெயரைக் கேட்டால் மழைக்கும் சேர்த்துத்தானே என்று தோன்றும். அந்த வகை, குளிரில் இறுகாத கலவைக்காகவும் பனியைக் கடிக்கும் கீற்றுகளுக்காகவும் வேறு சிலவற்றை விட்டுக்கொடுத்த சமரசம். சாலையின் வெப்பம் அடிக்கடி 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. பனி விழும் இடமானால் மலை முகட்டுக்குள் பனித்துகள் பொறித்த குறியைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தக் கார் ஓடும் சாலைகள் அப்படிக் குளிர்வதில்லை. வெதுவெதுப்பான மழையில் நல்ல கோடை டயரே முந்தும். கோடை டயர் என்றால் வெயிலுக்கு மட்டும் என்று பொருளில்லை.

மாமன் முன்வைத்த டயர் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது. அமெரிக்க முறைத் தர எண்களில் தேய்மான எண் 600-க்கும் மேல், ஈரப் பிடிப்பு ஏ. "ஏ இருக்கிறதே, போதாதா?" என்றார். அந்த முறையில் ஏ-க்கு மேலே ஏஏ என்று ஒன்று உண்டு. அதைவிட முக்கியமானது, அந்தச் சோதனை எதை அளக்கிறது என்பது: நனைத்த தார்த்தளத்திலும் சிமெண்ட் தளத்திலும் சக்கரத்தைப் பூட்டி நேராக இழுக்கும்போது வரும் உராய்வை மட்டும். வளைவும் அதில் இல்லை, மிதப்பும் இல்லை, ஏபிஎஸ் அனுமதிக்கும் உச்சப் பிடிப்பும் இல்லை. வடிகட்டிக் கழிக்க உதவும், தேர்ந்தெடுக்கப் போதாது.

முத்திரையில் ஓர் எழுத்தின் விலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரை இன்னும் பயனுள்ளது. 2021 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில் ஈரப் பிடிப்புக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் தனித்தனியே ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகள். ஈரப் பிடிப்புக்கு, நனைந்த தளத்தில் பிரேக் போட்டு, ஒரு நிலையான ஒப்பீட்டு டயரோடு வைத்துக் குறியெண் கணக்கிடுகிறார்கள். கார் டயருக்கு அந்தக் குறியெண் 1.55-உம் அதற்கு மேலும் ஏ, 1.40 முதல் 1.54 வரை பி, 1.25 முதல் 1.39 வரை சி. இந்த எண்கள் முத்திரையில் அச்சாவதில்லை, எழுத்து மட்டுமே தெரியும். அதனால் ஓர் எழுத்து என்பது சிறு வேறுபாடுபோல் தோன்றிவிடுகிறது.

கணக்கைக் காட்டினேன். ஏ வகுப்பின் அடிமட்ட டயர் ஒன்று 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுமையாக நிற்கும் இடத்தை ஒரு கோடாக வரையுங்கள். பி வகுப்பின் அடிமட்ட டயர் அந்தக் கோட்டைக் கடக்கும்போது ஏறக்குறைய 25 கி.மீ. வேகத்தில் இருக்கும். சி வகுப்பின் அடிமட்டம் 35 கி.மீ. வேகத்தில். சில மீட்டர் வித்தியாசம் என்று சொன்னால் யாரும் அசைவதில்லை; முன்னால் நிற்கும் வண்டியில் 35 கி.மீ. வேகத்தில் மோதுவது என்றால் எல்லோருக்கும் புரிகிறது. இதில் ஓட்டுநரின் தாமதம் சேரவில்லை. 80 கி.மீ. வேகத்தில் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். புதியவரின் கால் சற்றுத் தாமதமாகத்தான் போகும். அந்த இழப்பை டயரில்தான் ஈடுகட்ட முடியும்.

முத்திரை சொல்லாதவையும் உண்டு. அது புதிய டயரின் பிரேக் பிடிப்பு. வளைவில் எப்படி, ஆழ நீரில் எப்படி, பாதி தேய்ந்த பின் எப்படி என்று அந்த எழுத்தில் ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் ஏடிஏசி போன்ற வாகன ஓட்டிகள் சங்கங்கள் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. அவற்றில் ஈரப் பிரேக், ஈரத்தில் கையாளல், நேரிலும் வளைவிலும் மிதப்பு என்று தனித்தனி மதிப்பெண் வருகிறது. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. சத்தம், எரிபொருள், ஆயுள் எல்லாம் அதில் கலந்திருக்கும். மழையில் சுமாரான டயர் மற்றவற்றில் ஈட்டி மேலே ஏறிவிடும். ஈரப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்துப் படித்தோம். அதிலும், ஒரு டயர் எல்லையில் எப்படி நடந்துகொள்கிறது என்ற வரியைத் தேடினேன். பிடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, ஸ்டியரிங்கில் முன்கூட்டியே தெரியப்படுத்தும் டயர் புதியவருக்கு நல்லது. உச்சம்வரை பிடித்திருந்து திடீரெனக் கைவிடும் டயர் பந்தயக்காரருக்குப் போகட்டும்.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று ஈரம் பி, எரிபொருள் ஏ. மற்றொன்று ஈரம் ஏ, எரிபொருள் சி. இரண்டுமே நான்கு அகலமான நேர்ப் பள்ளங்கள் கொண்டவை. மாமன் முதலாவதின் பக்கம், எதிர்பார்த்ததுதான். நான் இரண்டாவதைச் சொன்னேன். எரிபொருள் மிச்சத்தை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் காணலாம். ஈரப் பிடிப்பின் இலாபம் கண்ணில் படுவதே இல்லை, மோதாத மோதலாகவே போய்விடும். அதனால்தான் வீட்டுக் கணக்கில் அது எப்போதும் தோற்கிறது. பணம் கொடுப்பவர் மாமன், ஓட்டுகிறவர் அக்கா மகள். "நான்தானே ஓட்டப்போகிறேன், மாமா" என்று அவர் சொன்னதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை.

மாட்டும்போது

கடையில் நாங்கள் உறுதியாகக் கேட்டவை சில. நான்கு டயரின் தயாரிப்பு வாரமும் அண்மையதாக இருக்க வேண்டும். புதியது என்று விற்கப்படும் டயர் சரக்கறையில் பல ஆண்டுகள் கிடந்ததாக இருக்கலாம். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று குறித்த சமச்சீரற்ற வகை என்பதால் ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம் என்ற எழுத்து வெளியே தெரிகிறதா என்று பார்த்தோம். சுழல்திசை அம்பு உள்ள டயராக இருந்தால் அம்பைப் பார்த்திருப்போம். வால்வுகள் புதியவை. பேலன்சிங், வீல் அலைன்மென்ட் முடிந்தது. காற்று, கதவுத் தூணில் உள்ளபடி 32, டயர் குளிர்ந்திருக்கும்போது. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். அதை நிரப்ப வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர்கள் நிதானமாக ஓட்டி அதைத் தேய்த்துவிட்ட பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். மழையில் நல்லது என்று வாங்கிய டயரை மாட்டிய அன்றே மழையில் சோதிப்பதைப் போன்ற அவசரம் வேறில்லை.

அந்த நூறுகள் கழிந்து ஒரு மழை நாளில், வண்டிகள் இல்லாத பெரிய திடலில் அவரை 40 கி.மீ. வேகத்தில் ஓட்டவைத்துப் பிரேக்கை முழுவதும் மிதிக்கச் சொன்னேன். முதல் முறை பாதியில் காலை எடுத்துவிட்டார். பெடல் காலுக்கடியில் அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஏபிஎஸ் வேலை செய்யும் உணர்வு அது என்று உரிமம் கொடுத்த எவரும் சொல்லித் தரவில்லை போலும். அடுத்தடுத்து மிதித்து, அதிர்வோடு பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பவும் பழகினார். இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் ஏ வகுப்பு டயரும் பாதி மிதியில் பாதிப் பிடிப்பைத்தான் தரும். ஏபிஎஸ் பிடிப்பை உருவாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பைச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் செலவழிக்கிறது. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருந்திருந்தால் அந்த வளைவில் உதவியிருக்கும் என்பது உண்மை. அதுவும் தனித்தனிச் சக்கரத்தைப் பிரேக் போட்டே காரைத் திருத்துகிறது, அதே ரப்பரை நம்பி.

பிறகு வந்தவை

எரிபொருள் செலவு சற்றே கூடியதாக மாமன் சொன்னார். 38-லிருந்து 32-க்கு இறங்கியதன் பங்கு எவ்வளவு, டயரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டயர்ச் சத்தம் குறைந்திருக்கிறது. அந்த வளைவில் இப்போது வழுக்குவதில்லை என்பதை நான் வெற்றியாக எழுதமாட்டேன். அவர் அங்கே இப்போது மெதுவாகவும் போகிறார். எதனால் வழுக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

பராமரிப்பில் எழுதிக் கொடுத்தது சுருக்கம். மாதம் ஒருமுறை குளிர்ந்த டயரில் காற்று. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றி, நான்கும் ஒன்றாகத் தேய விடுவது. ஆழம் 3 மி.மீ.க்கு வந்ததும் அடுத்த மழைக்காலத்துக்குள் மாற்றுவது, சட்டம் 1.6 வரை விட்டாலும். இதில் பள்ளம் திரும்ப நாயகனாகிறது: ரப்பர் இளமையாகவே இருந்தாலும் ஆழம் பாதிக்கும் கீழே போனால், நெடுஞ்சாலையில் கனமழையின்போது மிதப்பு தொடங்கும் வேகம் நாம் வழக்கமாகப் போகும் வேகத்துக்கே இறங்கி வந்துவிடும். தேயாவிட்டாலும் ஆறாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் யாரிடமாவது காட்டச் சொன்னேன். பத்தாம் ஆண்டுக்கு மேல் காட்டக்கூட வேண்டாம்.

கழற்றிய நான்கில் பின்டயர்கள் இரண்டையும் மறுசுழற்சிக்கு அனுப்பச் சொன்னதும் மாமன் முகம் சுருங்கியது. "பட்டன் இவ்வளவு இருக்கும்போது ஸ்டெப்னிக்காவது ஒன்றை வைத்துக்கொள்ளலாமே" என்றார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தோம். தரையையே தொடாத டயர். வார்ப்பின்போது நீட்டிக்கொண்டு நிற்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. குறியீடு 3516. கடினமானி பின்டயர்களுக்குச் சற்றுக் கீழே நின்றது, அவ்வளவுதான். அதையும் ரிம்மிலிருந்து கழற்றி, 2022-ஆம் ஆண்டின் முன்டயர்களில் தேய்மானம் குறைந்த ஒன்றை அந்த ரிம்மில் ஏற்றி, 32 பி.எஸ்.ஐ. நிரப்பி டிக்கியில் வைத்தார்கள்.